சட்ட நிறுவனங்கள் புதிய வழக்கறிஞர்களை எப்படித் தேர்வு செய்கின்றன?

ஒரு ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது நமக்குத் தெரிந்த தகப்பனார் ஒருவர் நம்மை ஓரமாக அழைத்தார். "ஹஜ்ரத், புள்ள லா காலேஜ்ல மூணாம் வருஷம் முடிக்கப் போவுது. பெரிய லா ஃபர்ம்ல சேரணும்னு ஆசைப்படுது. அதுக்கு யாரைப் புடிக்கணும்? உங்களுக்குத் தெரிஞ்ச வக்கீல் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

அவர் அப்படிக் கேட்டதில் வியப்பில்லை. நம் குடும்பங்கள் பலவற்றில் சட்டம் படிக்கும் முதல் பிள்ளை இந்தத் தலைமுறையில்தான் வந்திருக்கிறது. வியாபாரத்திலும் வெளிநாட்டு வேலையிலும் தெரிந்த ஒருவர் கைகாட்டித்தான் நாம் உள்ளே போய்ப் பழகியிருக்கிறோம். அதே கண்ணோடு சட்டத் துறையையும் பார்க்கிறோம். ஆனால் பெரிய சட்ட நிறுவனங்கள் ஆள் எடுக்கும் முறை வேறு. அங்கே நேர்காணல் கடைசிப் படி. அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தேர்வு தொடங்கிவிடுகிறது. ஆகவே "யாரைப் பிடிக்க வேண்டும்" என்பதைவிட "எப்போது தொடங்க வேண்டும்" என்பதே பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி. அதை விளங்கிக்கொள்ளவே இந்தக் கட்டுரை.

சட்ட நிறுவனம் என்பது எது?

ஊரில் நாம் பார்க்கும் வழக்கறிஞர் அலுவலகம் ஒரு சீனியரை மையமாகக் கொண்டது. இரண்டு மூன்று ஜூனியர்கள் அவரிடம் தொழில் பழகுவார்கள். நீதிமன்ற வழக்குகளே அங்கே முதன்மையான வேலை.

சட்ட நிறுவனம் என்பது பல வழக்கறிஞர்கள் பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் அமைப்பு. கொல்கத்தாவில் 1911-ல் தொடங்கிய கெய்தான் அண்ட் கோ, 1917-ல் மும்பையில் தொடங்கிய அமர்சந்த் மங்கள்தாஸ் ஆகியவை பழைய பெயர்கள். பின்னது 2015-ல் சிரில் அமர்சந்த் மங்கள்தாஸ், ஷார்துல் அமர்சந்த் மங்கள்தாஸ் என இரண்டாகப் பிரிந்தது. ஏ.இஸட்.பி., டிரைலீகல் போன்றவை பிற்காலத்தில் வளர்ந்தவை. மும்பை, டெல்லி, பெங்களூரு நகரங்களே இவற்றின் பெரிய மையங்கள். சில நிறுவனங்களுக்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு.

இங்கே வேலையில் பெரும்பகுதி நீதிமன்றத்துக்கு வெளியே நடக்கிறது. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கும்போது அதன் ஒப்பந்தங்கள், கடன்கள், வழக்குகள், உரிமங்கள் எல்லாவற்றையும் படித்து எங்கே ஆபத்து இருக்கிறது என்று அறிக்கை எழுதுவது ஒரு வேலை. இதை டியூ டிலிஜென்ஸ் என்பார்கள். ஒப்பந்தம் எழுதுவது, வரி ஆலோசனை, மத்தியஸ்தம், காப்புரிமை, நீதிமன்ற வழக்கு என்று தனித்தனிக் குழுக்கள் இருக்கும். புதிதாகச் சேர்பவர் அசோசியேட். பிறகு சீனியர் அசோசியேட், இன்னும் சில படிகள், இறுதியில் பார்ட்னர்.

உள்ளே போக மூன்று வாசல்கள்

முதல் வாசல், கல்லூரி வளாகத் தேர்வு. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களே நடத்தும் வேலைவாய்ப்புக் குழு இருக்கும். நிறுவனங்களை அழைப்பது, சி.வி.க்களைத் தொகுத்து அனுப்புவது, நேர்காணல் நேரம் ஒதுக்குவது எல்லாம் அந்தக் குழுவின் பொறுப்பு. பெரிய நிறுவனங்கள் வரும் முதல் நாளை 'டே ஸீரோ' என்பார்கள். படிப்பு முடிய ஓராண்டோ அதற்கும் மேலோ இருக்கும்போதே இது நடந்துவிடும். காலையில் நேர்காணல், மாலையில் முடிவு. ஒரு வேலையை ஏற்றுக்கொண்ட மாணவர் பெரும்பாலும் அதோடு வரிசையிலிருந்து விலகிவிட வேண்டும், அடுத்தவருக்கு இடம் கிடைப்பதற்காக.

இரண்டாம் வாசல், பயிற்சி வழியாக வருவது. மாணவர் விடுமுறையில் நிறுவனத்துக்குப் போய் சில வாரங்கள் இன்டர்ன் ஆக வேலை பார்க்கிறார். வேலை பிடித்திருந்தால் மறுமுறையும் அழைப்பார்கள். இம்முறை அவரை எடைபோடுவதற்காகவே அழைக்கிறார்கள். அது முடிந்ததும் ஒரு நேர்காணல் வைத்து, படிப்பு முடிந்ததும் வந்து சேரலாம் என்று முன்கூட்டியே வேலை உறுதி தருகிறார்கள். மாணவர்கள் இதை பி.பி.ஓ. என்பார்கள்.

மூன்றாம் வாசல், பட்டம் பெற்ற பிறகு நேரடியாக விண்ணப்பிப்பது. அல்லது சிறிய நிறுவனத்திலோ சீனியரிடமோ ஓரிரு ஆண்டுகள் வேலை பார்த்து, ஒரு பிரிவில் தேர்ச்சி பெற்று, பிறகு பெரிய நிறுவனத்துக்கு மாறுவது.

பெரிய நிறுவனங்கள் எல்லாக் கல்லூரிகளுக்கும் வருவதில்லை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் படிக்கும் கல்லூரிகளுக்கு முதல் வாசல் திறப்பதில்லை. அவர்களுக்கு இரண்டாம் வாசலே பிரதான வாசல். பயிற்சியின் அருமை தெரியாத குடும்பம் அந்த வாசலையும் தன் கையாலேயே சாத்திவிடுகிறது.

சி.வி.யில் என்ன பார்க்கிறார்கள்?

குவிந்து கிடக்கும் விண்ணப்பங்களில் ஒவ்வொன்றுக்கும் மிகக் குறைந்த நேரமே கிடைக்கும். எனவே சில அடையாளங்களைத் தேடுகிறார்கள்.

மதிப்பெண் ஒன்று. முதலிடம்தான் வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒப்பந்தச் சட்டம், கம்பெனிச் சட்டம் போன்ற பாடங்களில் நல்ல மதிப்பெண் இருந்தால் கண் அங்கே நிற்கும். அடுத்து, மூட் கோர்ட் எனப்படும் மாதிரி நீதிமன்றப் போட்டி. ஒரு கற்பனை வழக்கை எடுத்து இரு தரப்புக்கும் எழுத்து வாதம் தயாரித்து நடுவர் முன் பேச வேண்டும். ஆராயவும் எழுதவும் கேள்விக்குப் பதில் சொல்லவும் தெரியும் என்பதற்கு அது சாட்சி. மூன்றாவது, சட்ட இதழ்களில் எழுதிய கட்டுரை. நான்காவது, எங்கெங்கே பயிற்சி எடுத்தார், அவை ஒரு திசையில் போகின்றனவா என்பது.

சி.வி. ஒன்று இரண்டு பக்கத்துக்குள் இருக்க வேண்டும், எழுத்துப் பிழை ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறினாலே பொருள் மாறிவிடும் தொழில் இது. தன்னைப் பற்றிய இரண்டு பக்கத்தையே சரிபார்க்காதவர், பிறருடைய இருநூறு பக்க ஒப்பந்தத்தை எப்படிச் சரிபார்ப்பார் என்று அவர்கள் நினைப்பதில் நியாயம் உண்டு.

நான்கு வார நேர்காணல்

பார் கவுன்சிலின் சட்டக் கல்வி விதிகளின்படி ஐந்தாண்டுப் படிப்பில் மொத்தம் 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த வாரங்களை வெறும் சான்றிதழுக்காகத் தெரிந்த வக்கீலிடம் கையெழுத்து வாங்கிக் கழிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் இழப்பது சான்றிதழைவிடப் பெரியது.

உண்மையில் அந்த நான்கு வாரமும் ஒரு நீண்ட நேர்காணல். "இந்தக் கேள்விக்குத் தீர்ப்புகளைத் தேடி நாளைக் காலைக்குள் இரண்டு பக்கத்தில் கொடு" என்பார்கள். இன்டர்ன் என்ன கொடுக்கிறார் என்பதோடு எப்படிக் கொடுக்கிறார் என்பதும் பார்க்கப்படுகிறது. கேள்வியைச் சரியாக விளங்கிக்கொண்டாரா? புரியாததைத் தொடக்கத்திலேயே கேட்டாரா, இல்லை கடைசி நேரத்தில் தவறான பதிலோடு வந்து நின்றாரா? மேற்கோள் காட்டும் தீர்ப்பு பிறகு மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்த்தாரா? சொன்ன நேரத்துக்குத் தந்தாரா? முடியாதென்றால் முன்கூட்டியே சொன்னாரா? கட்சிக்காரரின் விஷயத்தை வெளியே பேசாமல் இருந்தாரா?

இவற்றை அரை மணி நேர நேர்காணலில் சோதிக்க முடியாது. அதனால்தான் கூடவே வைத்திருந்து பார்த்த பிள்ளையை எடுக்கவே நிறுவனங்கள் விரும்புகின்றன.

நேர்காணலில் என்ன நடக்கும்?

சில இடங்களில் முதலில் எழுத்துத் தேர்வு அல்லது குழு விவாதம் இருக்கும். எழுத்துத் தேர்வில் ஓர் ஒப்பந்த வாசகத்தைக் கொடுத்து அதிலுள்ள குறைகளைத் திருத்தச் சொல்லலாம், அல்லது ஒரு சிக்கலைக் கொடுத்துச் சட்டக் கருத்து எழுதச் சொல்லலாம். அடுத்து இரண்டு அல்லது மூன்று சுற்று நேர்காணல். சீனியர் அசோசியேட், பிறகு பார்ட்னர், பெரும்பாலும் மனிதவளப் பிரிவிலிருந்தும் ஒருவர்.

முதல் கேள்விகள் சி.வி.யிலிருந்தே வரும். மூட் கோர்ட்டில் வாதியின் பக்கம் பேசியதாக எழுதியிருந்தால், "இப்போது எதிர்த்தரப்புக்கு வாதாடுங்கள்" என்பார்கள். பொழுதுபோக்கு வாசிப்பு என்று எழுதியிருந்தால், கடைசியாக வாசித்த நூலைக் கேட்பார்கள். பிறர் எழுதிய கட்டுரையில் பெயரை மட்டும் சேர்த்திருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும். இரண்டாம் ஆண்டில் மதிப்பெண் குறைந்திருந்தால் அதையும் கேட்பார்கள். உண்மைக் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, பிறகு எப்படிச் சரிசெய்தோம் என்பதைச் சொல்வதே நல்ல பதில்.

அடுத்து சட்டக் கேள்விகள். உதாரணமாக இப்படிப் போகலாம்: "பதினேழு வயதுப் பையன் தன் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்குகிறான். அந்த அடமானம் செல்லுமா?" செல்லாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி ஒப்பந்தம் செய்பவர் உரிய வயதை அடைந்திருக்க வேண்டும். 1903-ல் மொஹோரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கில் பிரிவி கவுன்சில் இதை உறுதி செய்தது. இது எல்லா மாணவரும் படித்த பதில்தான்.

நேர்காணல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. "சரி, தனக்குப் பதினெட்டு ஆகிவிட்டது என்று அவன் பொய் சொல்லியிருந்தால்?" "வாங்கிய பணம் இன்னும் அவன் கையில் இருந்தால், திருப்பித் தரச் சொல்ல முடியுமா?" "பதினெட்டு முடிந்ததும் பழைய ஒப்பந்தத்தை ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால்?" என்று ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். மனப்பாடம் முடியும் இடத்தில் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்ப்பதே இதன் நோக்கம். "இதற்கு நேரடித் தீர்ப்பு எனக்கு நினைவில்லை. ஆனால் வயது வராதவரைப் பாதுகாப்பதே இந்தச் சட்டத்தின் நோக்கம் என்பதால் இப்படி நினைக்கிறேன்" என்று யோசித்துச் சொல்பவர் மதிக்கப்படுகிறார். தெரியாததைத் தெரிந்ததுபோல் அடித்துப் பேசுபவரை அவர்கள் எடுப்பதில்லை. கட்சிக்காரரிடமும் அப்படிப் பேசிவிடுவார் என்ற பயம்தான் காரணம்.

"நீதிமன்றம் போகாமல் ஏன் நிறுவனத்துக்கு வருகிறீர்கள்? ஏன் எங்கள் நிறுவனம்?" என்பவை நிச்சயம் வரும். "பெரிய பெயர் உள்ள நிறுவனம்" என்பது பதிலாகாது. எந்தப் பிரிவில் ஆர்வம், அந்தப் பிரிவில் அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்று தெரிந்து போக வேண்டும்.

ஆங்கிலமும் அத்தாவின் கடையும்

இரண்டு விஷயங்களில் நம் பிள்ளைகள் வீணாகக் கூசுகிறார்கள். ஒன்று ஆங்கிலம். வேலை முழுவதும் ஆங்கிலத்தில்தான் என்பது உண்மை. ஆனால் கான்வென்ட் உச்சரிப்பு கட்டாயமில்லை. தெளிவான, சுருக்கமான, பிழையற்ற எழுத்துத்தான் கட்டாயம். அதைத் தினமும் எழுதிப் பழகலாம். ஒரு தீர்ப்பைப் படித்து அரைப் பக்கத்தில் சுருக்கி எழுதும் பழக்கத்தை முதல் ஆண்டிலேயே தொடங்கும் மாணவருக்கு நான்காம் ஆண்டில் எழுத்துத் தேர்வு பயமாக இருக்காது.

இன்னொன்று குடும்பப் பின்னணி. "அத்தா என்ன செய்கிறார்?" என்று கேட்டால் மளிகைக் கடை என்று சொல்லத் தயங்குகிறார்கள். ஆனால் சட்ட நிறுவனத்தின் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் வியாபாரிகளே. கடையில் உட்கார்ந்து ஜி.எஸ்.டி. பில் போட்ட பிள்ளைக்கு, செக் திரும்பி வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று பார்த்த பிள்ளைக்கு, சரக்கு தாமதமானால் நஷ்டம் யார் தலையில் விழும் என்று தெரிந்த பிள்ளைக்கு, ஒப்பந்தச் சட்டம் வெறும் ஏட்டுப் பாடம் அல்ல. அதை இயல்பாகச் சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

உடையில் எளிமையும் சுத்தமும் போதும். வழக்கமான வெள்ளை, கறுப்பு நிறங்களே பாதுகாப்பானவை. முக்காடு அணியும் பெண் பிள்ளைகள் அதே நிறங்களில் நேர்த்தியாக அணிந்து செல்லலாம்.

பணமும் பதிவும்

வேலை உறுதிக் கடிதம் வந்ததும் சில நடைமுறைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டம் பெற்றபின் மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பதிவுக் கட்டணம் சட்டத்தில் சொன்ன 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு 125 ரூபாய். அகில இந்திய பார் தேர்விலும் தேறியாக வேண்டும்.

தொழில் செய்யும் வழக்கறிஞர் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. எனவே நிறுவனங்கள் அசோசியேட்டுக்குத் தருவதைப் பொதுவாகச் சம்பளம் என்று எழுதாமல் தொழில்முறைக் கட்டணம் என்றே எழுதுகின்றன. அதில் பத்து சதவீதம் வரி பிடித்தம் செய்யப்படும். பி.எஃப். போன்றவை பெரும்பாலும் இருக்காது. கடிதத்தில் எழுதிய தொகை அப்படியே கைக்கு வரும் என்று கணக்குப் போட்டு வீட்டு வாடகைக்கு முன்பணம் கொடுத்துவிடக் கூடாது.

சீனியரிடம் சேரும் ஜூனியர்களுக்கு நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் கிராமப் பகுதிகளில் 15,000 ரூபாயும் தரலாம் என்று இந்திய பார் கவுன்சில் 2024 அக்டோபரில் பரிந்துரைத்தது. அது பரிந்துரைதான், கட்டாயமில்லை. பெரிய நிறுவனங்கள் தருவது இதைவிடப் பல மடங்கு அதிகம். அதற்கு ஈடாக இரவு நெடுநேரம் வரையும் விடுமுறை நாளிலும் வேலை இருக்கும். வீட்டார் இதை முன்பே தெரிந்திருந்தால் பிள்ளையின் மீது பிறகு வருத்தம் வராது.

எந்த வயதில் எதைத் தொடங்குவது?

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை என்றால் கிளாட் தேர்வைப் பற்றி இப்போதே விசாரியுங்கள். 2008 முதல் நடந்து வரும் இத்தேர்வின் வழியாகத்தான் திருச்சியிலுள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்திலும் மற்ற தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றிலும் இடம் கிடைக்கிறது. பணவசதி இல்லாத, திறமையுள்ள பிள்ளைகளை இத்தேர்வுக்குத் தயார்படுத்தவும் படிப்புக் காலத்தில் கைகொடுக்கவும் ஐ.டி.ஐ.ஏ. என்ற அமைப்பு இருக்கிறது. கேரளத்தைச் சேர்ந்த சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-ல் தொடங்கியது அது. 2019-ல் அவர் மறைந்த பிறகும் அது இயங்கி வருகிறது.

தமிழ்நாட்டின் அரசுச் சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத உள் ஒதுக்கீடும் அங்கே உண்டு. இங்கே படிப்பவர் முதல் இரண்டு ஆண்டில் ஊர் நீதிமன்றத்திலும் ஒரு சீனியரிடமும் பயிற்சி எடுக்கலாம். மூன்றாம் ஆண்டில் நடுத்தர நிறுவனம், நான்காம் ஆண்டில் பெரிய நிறுவனம் என்று படிப்படியாகப் போகலாம். பெரிய நிறுவனங்களுக்குப் பல மாதங்கள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பத்து இடத்துக்கு அனுப்பினால் ஒன்பது இடத்திலிருந்து பதிலே வராமல் போகலாம். அதற்காகச் சோர்ந்துவிடக் கூடாது.

இவற்றையெல்லாம் அந்தத் தகப்பனாரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர் மனதில் இருந்த உண்மையான கேள்வியைக் கேட்டார்: "நாலு வாரம் பெங்களூர்ல பொம்பளைப் புள்ளையைத் தனியா எப்படி ஹஜ்ரத் விடுறது?"

நம் வீடுகளில் பல பெண் பிள்ளைகளின் சி.வி. இந்தக் கேள்வியில்தான் வெறுமையாக நின்றுவிடுகிறது. வகுப்பில் முதலாவதாக வருகிறாள், ஆனால் பயிற்சி என்ற இடத்தில் ஊர் வக்கீலின் பெயர் மட்டும் இருக்கிறது. நிறுவனத்துக்கு அந்த வீட்டின் தயக்கம் தெரியாது. அனுபவம் இல்லை என்று மட்டுமே தெரியும். தகப்பனின் பயத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. அதற்கு வழி உண்டு என்றுதான் சொன்னோம். முதல் பயிற்சியைச் சென்னையிலேயே எடுக்கட்டும். அடுத்ததற்கு, உறவினர் வீடோ நல்ல மகளிர் விடுதியோ முன்கூட்டியே நேரில் பார்த்து வையுங்கள். முதல் வாரம் உம்மா கூடவே போய் இருந்து, அலுவலகம் எங்கே, போய்வரும் வழி எது என்று பார்த்துவிட்டு வரட்டும். செலவாகும். ஐந்து ஆண்டு கல்லூரிக் கட்டணம் கட்டிய குடும்பம், அந்தப் படிப்பு பலன் தரும் இடத்தில் ஒரு மாதச் செலவுக்குப் பின்வாங்க வேண்டாம்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப யாரையும் புடிக்க வேணாம்ங்கிறீங்க" என்றார்.

"வேண்டாம் பாய். இன்றைக்கு ராத்திரி மகளோடு உட்கார்ந்து, எந்தெந்த இடத்துக்கு விண்ணப்பம் அனுப்பப் போகிறாள் என்று கேளுங்கள். அது போதும்" என்று சொல்லி அனுப்பினோம்.